தண்ணீர்ச் சபையில் நமக்கு எந்த இடம்?



வெண்மணித் தியாகிகளின் நினைவாக நடக்கும் இக்கூட்டத்தில் காவிரித் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கூலிக்கான போராட்டமாகவே அதை நினைவில் வைத்திருக்கிறோம். அது சரியே. ஆனால் அந்த நெல்லை விளைவித்த தண்ணீரையும் அதே கைகள்தான் வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. வாய்க்கால் வெட்டியதும், கரை கட்டியதும், இரவில் மடை காத்ததும் பண்ணையாட்கள். தண்ணீரை ஆள்வது யார் என்பதும் வெண்மணி எழுப்பிய கேள்வியில் அடங்கியிருக்கிறது.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து ஆறுகள், கிளை வாய்க்கால்கள், கன்னி வாய்க்கால்கள் வழியே வயலுக்குப் போகிறது. வயலில் மிஞ்சியது வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. பாசனம் பாதி, வடிகால் மறுபாதி. பாசனத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். வடிகால் தூர்ந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது தாழ்வான நிலத்தில் இருக்கும் வீடுகளில். பல ஊர்களில் அந்தத் தாழ்வான நிலத்தில் இருப்பது நம் தெரு.

இன்று எல்லோரும் குடிமராமத்தைப் புகழ்கிறார்கள். ஊரே கூடித் தன் நீர்நிலையைப் பராமரித்த பொற்காலம் என்கிறார்கள். ஊர் கூடியது உண்மை. ஆனால் மண்வெட்டி பிடித்தது யார், கரையில் நின்று உத்தரவு போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளம் உடைப்பெடுக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்து ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. பாசன வேலைக்கு வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பைப் போல இரு மடங்கு வசூலிக்கவும் வழி செய்தது. கூட்டுப் பராமரிப்பு என்ற சொல்லுக்குள் கட்டாயமும் இருந்தது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

ஏரிப்பாசனப் பகுதிகளில் நீர்க்கட்டி, மடையர், நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்ற நுட்பம் அவர்களிடம் இருந்தது. சொந்த நிலம் இல்லாதவர் ஒருபக்கம் சாயமாட்டார் என்று நம்பித்தான் ஊர் அவர்களிடம் மடையை ஒப்படைத்தது. நிலம் இல்லை என்ற அதே காரணத்தைச் சொல்லி, முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை உட்கார விடவில்லை.

இது பழங்கதை அல்ல. தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம், 2000 பாசன சங்கங்களை உருவாக்கியது. அதில் உறுப்பினராக அடிப்படை, பாசனப் பரப்பில் நிலம் இருப்பது. 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மீண்டும் தொடங்கியபோதும் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களிடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் பட்டியல் சாதியினர். அவர்களில் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் ஏராளம். வாய்க்காலில் இறங்கி வெங்காயத்தாமரையை அள்ளுபவருக்கு, அந்த வாய்க்காலைப் பற்றிய கூட்டத்தில் ஓட்டு இல்லை.

வேறு வழி உண்டா? உண்டு. அதற்கு நம் கடைமடையே சான்று. 1990களில் அன்றைய நாகை மாவட்டக் கடலோரத்தில் நெல் வயல்களை வளைத்து இறால் பண்ணைகள் வந்தன. உப்பு நீர் நிலத்தடியில் இறங்கியது. குடிநீர் கெட்டது. நடவும் அறுவடையும் இல்லாமல் கூலி வேலை போனது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் எஸ். ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, அதற்கு முன்பே நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டுவந்தது. அதே மக்கள் இறால் பண்ணைகளை எதிர்த்து நின்றார்கள். கூலித் தொழிலாளர்களும் மீனவர்களும் சிறு விவசாயிகளும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது. பின்னால் வந்த சட்டங்கள் அந்த வெற்றியைக் குறைத்தன என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தப் போராட்டம் ஒன்றை நிறுவியது. குடிக்கும் தண்ணீரும் செய்யும் வேலையுமே ஒருவரைத் தண்ணீரின் உரிமையாளர் ஆக்குகின்றன. அதற்குப் பட்டா தேவையில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியதை நாம் அறிவோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களையும் மத்திய நீர்வழிக் கொள்கையையும் வகுத்தவர் அவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. குளத்தில் அள்ளிக் குடிக்கும் உரிமையும், ஆற்றை நிர்வகிக்கும் உரிமையும் அவருக்கு ஒரே உரிமையின் இரண்டு படிகள். நாம் முதல் படியிலேயே நின்றுவிடக் கூடாது.

இரண்டாம் படிக்கு வழி இப்போதே இருக்கிறது. அரசமைப்பின் பதினோராம் அட்டவணை சிறு பாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிக்குரிய பொருள்களில் சேர்த்திருக்கிறது. கிராம சபையில் உட்காரப் பட்டா வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரின் வாய்க்கால்களையும் வடிகால்களையும் நடந்து பாருங்கள். எது தூர்ந்தது, எது ஆக்கிரமிக்கப்பட்டது, மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று குறியுங்கள். மடை காத்த பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு நடங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தக் குறிப்பைத் தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள். தூர்வாரும் வேலைத் திட்டத்தில் வடிகாலையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாசன சங்கக் கூட்டங்களில் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டுரிமையோடு இடம் கேளுங்கள். சிறு விவசாயிகளையும் உடன் அழையுங்கள். கடைமடையில் தண்ணீர் வராமல் பயிர் காயும்போது அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றுதான்.

ஊர் கூடித் தண்ணீரைக் காக்கட்டும். அந்த ஊரில் சேரியும் சேர்த்தி என்று எழுதி வாங்கிக்கொண்டு நாமும் கூடுவோம். வெண்மணித் தோழர்களுக்கு வீரவணக்கம்.