பரணில் கிடக்கும் பொருளும் பக்கத்து வீட்டுத் தேவையும்

(காலாப்பட்டில் நடந்த நம் டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சின்ன சூராக்களில் ஒன்று அல்மாஊன். குர்ஆனின் 107ஆவது அத்தியாயம், ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுவது, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாமலிருப்பது, தொழுகையில் அலட்சியம், பிறர் பார்க்கத் தொழுவது என்று கண்டித்துக்கொண்டே வரும் அந்த சூரா, கடைசியில் மாஊனைக் கொடுக்க மறுப்பவர்களிடம் வந்து நிற்கிறது. மாஊன் என்பதற்கு ஜகாத் என்றும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பானை, வாளி, கோடரி போல மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் சாமான்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியதாக தஃப்ஸீர்களில் வருகிறது. தொழுகையைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அல்லாஹ் பானையையும் வாளியையும் பற்றியும் பேசுகிறான் என்றால், இது சின்ன விஷயமல்ல.

நம் வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சீர்வரிசையில் வந்து பிரிக்கப்படாத பாத்திரம், பிள்ளை வளர்ந்த பிறகும் இருக்கும் தொட்டில், புதுசு வாங்கியதால் ஓரங்கட்டிய மிக்ஸி. எப்போதாவது உதவும் என்று வைக்கிறோம். கடைசியில் துருப்பிடித்து, எடைக்குப் போகிறது. அதே தெருவில், அது இல்லாமல் ஒரு வீடு சிரமப்பட்டுக்கொண்டிருக்கும்.

மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்று சொன்னபோது, தடுக்கப்பட்டது அதை உண்பதுதான் என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. செத்த ஆட்டின் தோலே வீணாகக் கூடாது என்றால், ஓடுகிற மிக்ஸி வீணாகலாமா?

அதற்காக, வேண்டாததை எல்லாம் அள்ளிக் கொடுத்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது நம் காலாப்பட்டு மீனவர் பகுதியையும் கடல் விடவில்லை. நாடெங்குமிருந்து உதவி வந்தது. கூடவே மலைமலையாகப் பழைய துணியும் வந்தது. தமிழகக் கடலோரத்தில் அது சாலையோரம் குவிந்து, எடுப்பாரில்லாமல் கிடந்தது. அந்த மக்கள் வீட்டையும் வலையையும் இழந்தார்கள், மானத்தை இழக்கவில்லை. கிழிசலையும் அழுக்கையும் உடுத்த அவர்கள் ஏன் முன்வர வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தை அல்லாஹ் அல்பகறா சூராவின் 267ஆவது வசனத்தில் சொல்லியிருக்கிறான். நம் கொடைக்கு அதுதான் அளவுகோல்.

1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இதை ஒழுங்காகச் செய்துகாட்டியது. வரும் துணியைப் பிரிக்கிறார்கள், துவைக்கிறார்கள், தைக்கிறார்கள். எந்த ஊருக்கு எது தேவை என்று பார்த்து அனுப்புகிறார்கள். கிழிந்த பருத்தித் துணிகூடப் பெண்களின் மாதாந்திரத் தேவைக்கான துணியாக மாறுகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே 2015இல் ஈரானின் மஷ்ஹத் நகரில், தேவையில்லாததை மாட்டிவிட்டுப் போகவும் தேவையானவர் எடுத்துப் போகவும் ஒரு சுவர் ஏற்பாடானது. 2017இல் திருநெல்வேலியிலும் மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி 'அன்புச் சுவர்' ஒன்றைத் தொடங்கினார். எடுப்பவர் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சுவரின் சிறப்பு.

நம் மஹல்லாவிலும் கேட்க வாய் வராத குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கிறோம். ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் இருக்கும் பொருள். வாங்குபவர் பெயர் மடலில் வராது, போட்டோ எடுக்கப்படாது. சொல்லிக்காட்டிய தர்மம் பாழாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். மீனவர் தெருவில் இருப்பவரும் நம் அண்டை வீட்டார்தான். அவர்களுக்கும் இது பொது.

கொடுப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் சேர்த்துக் கொடுங்கள். மின்சாதனத்தை ஓட்டிப் பார்த்து, ஒயர் சரியாக இருந்தால் மட்டும் கொடுங்கள். துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். பாடப்புத்தகம் என்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். புதுவை அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் பழைய புத்தகம் உதவாமல் போகலாம். பிரித்த மருந்துகளைக் கொண்டுவர வேண்டாம்.

நோயாளிக்காக வாங்கிய வீல்சேர், வாக்கர், தண்ணீர் மெத்தை இவற்றை அடுத்த நோயாளிக்குக் கொடுங்கள். கேரளாவில், குறிப்பாக மலப்புறம் பகுதியில், வலிநிவாரண மையங்கள் இவற்றை வீடுகளுக்குக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்கு அனுப்புகின்றன. ஒரு கட்டில் எத்தனை பேருக்குப் பயன்படும், பாருங்கள்!

ஒரு எச்சரிக்கை. மவுத்தானவரின் உடுப்பும் சாமானும் வாரிசுகளின் சொத்து. பாகம் பிரிக்காமல், எல்லோரிடமும் சம்மதம் கேட்காமல் யாரும் தர்மம் செய்ய முடியாது. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கில் கைவைக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்மை செய்யப் போய் அநாதையின் ஹக்கைத் தொட்டுவிடக் கூடாது.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். இதை என் சொந்தத் தம்பிக்கு, தங்கைக்குக் கொடுப்பேனா என்று மனதைக் கேளுங்கள். கொடுப்பேன் என்று மனம் சொன்னால் பதிவேட்டில் எழுதுங்கள். தேவை இருப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாஊனைத் தடுத்தவர்களின் கூட்டத்தில் சேர்க்காமல், கொடுத்து மகிழ்ந்தவர்களின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.