விளிம்பில் இருக்கும் எண்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டே வானொலி கேட்கிறவர்கள் உண்டு. சின்னமனூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து கேட்கிறவர்களும் உண்டு. எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துக் கறுப்பு ட்ரங்குப் பெட்டி ஒன்று கிடந்தால் இன்றைய பேச்சை மட்டும் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு நீள எண்ணும் பெயரும் எழுதியிருக்குமே, அந்தப் பெட்டியைத்தான் சொல்வது.

சுருளிப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். எண்பதைத் தாண்டியவர். ஒரு நாள் காலை பிளாஸ்டிக் கவர் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, மனு எழுதித் தருகிற ஒருவரிடம் வந்தார். கவருக்குள் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், கைக்குட்டையில் முடிந்த இரண்டு பதக்கங்கள். 1963-ல் போடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் மதுரை, அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு மலை ரயிலேறி வெலிங்டன் என்று போய் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். 1965 போரையும் 1971 போரையும் சீருடையில் பார்த்துவிட்டு 1978-ல் ஊர் திரும்பியவர்.

“எனக்கு இன்னும் மெடல் வரணும், தம்பி.”

“எத்தனை, ஐயா?”

“ரெண்டு. ஒரு ஸ்டார், ஒரு மெடல்.”

மனு எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “போர் முடிஞ்சு அம்பது வருஷத்துக்கு மேலாச்சுங்களே. இத்தனை நாள் ஏன் கேக்கல?”

“கேக்கலைன்னா எனக்கு வேணாம்னு ஆயிருமாய்யா?”

கேள்வி கேட்டவரிடம் பதில் இல்லை. அவர் வேறு யாருமல்ல, இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர்தான்.

பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பக்கத்து ஊரில் இன்னொரு முன்னாள் ராணுவ வீரர். இருவரும் ஒரே ரயிலில் போனவர்கள். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது அவர் சட்டையில் நான்கு பதக்கம், இவர் சட்டையில் இரண்டு. பேரன் எண்ணிப் பார்த்துவிட்டான். “தாத்தா, நீங்க பாதி சண்டைதான் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டான். சிரிக்காதீர்கள் நேயர்களே. பெரியவர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பதக்கம் என்றதும் நமக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என்று குடியரசுத் தலைவர் கையால் வாங்குகிறவைதான் நினைவுக்கு வரும். அவை வீரத்துக்கானவை. ஒருவர் செய்த அரிய செயலைக் கண்ணால் கண்டவர்கள் சொல்லி, அவருடைய கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைத்து, படிப்படியாக மேலே போய் முடிவாகிறவை. அவற்றை யாரும் மனுப் போட்டுக் கேட்பதில்லை. பெரியவர் கேட்டது அதுவல்ல, சேவைப் பதக்கம். 1965 போரில் களப்பகுதியில் பணிபுரிந்தவர்களுக்கு ‘சமர் சேவா ஸ்டார்’. அந்தக் காலத்தில் படையின் கணக்கில் இருந்தவர்களுக்கு ‘ரக்ஷா மெடல்’. 1971-ல் கிழக்கே போனவர்களுக்கு ‘பூர்வி ஸ்டார்’, மேற்கே நின்றவர்களுக்கு ‘பஸ்சிமி ஸ்டார்’. அதே போரையொட்டிய ‘சங்க்ராம் மெடல்’. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். இவையெல்லாம் தகுதி இருந்தால் தானாக வர வேண்டியவை. பரிசு மாதிரியல்ல, கூலி மாதிரி. ஆனால் இதற்காக மாதா மாதம் பணம் ஒன்றும் வராது. வெறும் உலோகமும் ரிப்பனும்தான்.

தானாக வர வேண்டியது ஏன் வரவில்லை? போர் நடக்கும்போதே பதக்கம் தயாராக இருப்பதில்லை. போர் முடிந்து, அறிவிப்பு வெளியாகி, வார்த்து, பெயர் பொறித்து, பட்டாலியனுக்கு வந்து சேர்வதற்குள் சிப்பாய் வேறு இடத்துக்கு மாற்றலாகியிருப்பார். லீவில் இருப்பார். ஆஸ்பத்திரியில் இருப்பார். பெரியவர் விஷயத்தில் ரக்ஷா மெடல் வந்தது, வெள்ளிவிழா மெடல் வந்தது, சமர் சேவா ஸ்டாரும் சங்க்ராமும் வரவில்லை.

“கடையில விக்கிறாங்களே ஐயா, ரிப்பனோட. வாங்கிக் குத்திக்கலாமே?” என்று கேட்டுப் பார்த்தாயிற்று. கன்டோன்மென்ட் ஊர்களில் அப்படிக் கடைகள் உண்டு. டெல்லி கன்டோன்மென்ட்டின் கோபிநாத் பஜார் அதற்குப் பேர்போனது. பணியில் இருப்பவர்களே அசல் வருகிறவரைக்கும் கடைப் பதக்கத்தைக் குத்திக்கொள்வதுண்டு.

பெரியவர் கைக்குட்டையைப் பிரித்து ரக்ஷா மெடலை எடுத்தார். அதன் விளிம்பைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்ன எழுத்தில் படை எண், பதவி, பெயர். “கடை மெடல்ல இது இருக்காதே” என்றார்.

தாமதமாகக் கேட்கிறவர்களைப் பார்த்து ‘இப்போது எதற்கு’ என்கிறோமே, தாமதம் சில சமயம் வரலாற்றையே திருத்தியிருக்கிறது. ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத கதை. நேரம் கொஞ்சம் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவய்யா குடகு மலைக்காரர். 1965 செப்டம்பர் 7, விடியற்காலை. பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்க, பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்குவாட்ரன் கிளம்புகிறது. எல்லாம் மிஸ்டேர் ரகப் போர் விமானங்கள். வழிநடத்திப் போனவர் விங் கமாண்டர் ஓ.பி. டனேஜா. தேவய்யா அன்றைக்கு மாற்று ஆள். யாராவது போக முடியாமல் போனால் அந்த இடத்துக்குப் போக வேண்டியவர். போனார். தாக்குதல் முடிந்து மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். தேவய்யா வரவில்லை. என்ன ஆனார் என்று ஒருவருக்கும் தெரியாது. காணாமல் போனவர் என்று கணக்கெழுதினார்கள். போர் முடிந்தது, பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவர் பெயர் அதில் இல்லை.

பதினான்கு வருடம் ஓடிவிட்டது. 1979-ல் ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் அந்த வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப் படையின் உதவியோடு எழுதியது. அதில் ஒரு சம்பவம். அன்று காலை, பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று இந்திய மிஸ்டேர் ஒன்றைத் துரத்திப் பிடித்துச் சுட்டது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் போகக்கூடிய அமெரிக்க விமானம். மிஸ்டேர் அதன் பக்கத்தில் கட்டைவண்டி மாதிரி. அடிபட்ட மிஸ்டேர் ஓடித் தப்பப் பார்க்கவில்லை. திரும்பி நின்று மோதியது. ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. அதன் விமானி அம்ஜத் உசேன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்.

அந்த மிஸ்டேரை ஓட்டியது யார்? டெல்லியில் யாரோ விரல் விட்டு எண்ணியிருப்பார்கள் இல்லையா? அந்த விடியற்காலைத் தாக்குதலுக்குப் போன மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். வராதவர் ஒரே ஒருவர். கணக்குச் சரியாகிவிட்டது.

அடிபட்ட விமானத்தில் தப்பிக்கிற வழியை விட்டுவிட்டுத் திரும்பிய மனிதனின் சாட்சி, எதிரி நாட்டின் உதவியோடு எழுதிய புத்தகத்திலிருந்து வந்து சேர்கிறது. டனேஜா விஷயத்தைக் கையில் எடுத்தார். கடிதங்கள் நடந்தன. இன்னும் ஒன்பது வருடம் போனது. 1988 ஏப்ரலில்தான் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இறந்து 23 வருடம் கழித்து. அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் நம்மூர் ஆர். வெங்கடராமன். 2025 ஜனவரியில் ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்றொரு இந்திப் படம் வந்ததே, அது இந்தச் சம்பவத்தைத் தழுவியதுதான். படம் பார்த்தவர்கள் பாட்டையும் சண்டையையும் மறந்துவிட்டு அந்த ஒன்பது வருடக் கடிதப் போக்குவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்குச் சரக்குக் கப்பல்களை உறைபனிக் கடல் வழியாகக் கொண்டுபோன பிரிட்டிஷ் மாலுமிகள் தங்களுக்குத் தனிப் பதக்கம் வேண்டுமென்று பல பத்தாண்டுகள் கேட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய சேவைக்குப் புதுப் பதக்கம் இல்லை என்பது அங்கே வழக்கம். ரஷ்யா அவர்களுக்கு உஷகோவ் பதக்கம் தர முன்வந்தபோதுகூட அதே விதியைக் காட்டி முதலில் தடுத்தார்கள். கடைசியில் 2013-ல் ‘ஆர்க்டிக் ஸ்டார்’ வந்தது. அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் கர்னல் பாரிஸ் டேவிஸ் 1965-ல் வியட்நாமில் செய்ததற்காக மிக உயர்ந்த பதக்கத்தை 2023-ல் வாங்கினார். இடையில் அவருடைய பரிந்துரைக் காகிதங்கள் தொலைந்தே போயின. ஒரு முறையல்ல, இரண்டு முறை.

காகிதம் என்றதும் நம் பெரியவரிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்ததில் அவர் பென்ஷன்காரர் என்று தெரிந்தது பெரிய ஆறுதல். பென்ஷன் இல்லாமல், குறைந்த வருடம் பணிபுரிந்து வெளியே வந்தவர்களின் பணிக் கோப்புகளை ரெக்கார்ட் ஆபீசில் 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். ‘லாங் ரோல்’ என்கிற பெரிய பதிவேட்டில் மட்டும் பெயரும் சில வரிகளும் மிஞ்சும். 1962 சீனப் போருக்குப் பின் படை பெருகியபோது சேர்ந்து, சில வருடங்களில் வீடு திரும்பியவர்களுக்குச் சிக்கலே இதுதான். கையில் இருக்கிற பழைய டிஸ்சார்ஜ் புக்கே அவர்களுக்குச் சாட்சி. கரையான் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒரு மாமியார் அந்தப் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியதைப் பார்த்ததுண்டு. இன்னொரு வீட்டில் பதக்க ரிப்பனை அறுத்துக் குழந்தைக்கு அரைஞாண் கட்டிவிட்டார்கள். அது போகட்டும்.

மனு எங்கே போக வேண்டும்? மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ், அதாவது ‘தம்பி’கள் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. எனும் மின், இயந்திரப் பொறியாளர் படை செகந்திராபாத். அந்தந்த ரெக்கார்ட் ஆபீசுக்குப் படை எண், பதவி, பெயர், எந்தப் பட்டாலியன், எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதோடு எழுத வேண்டும். தேனியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். 1997-ல் தேனி தனி மாவட்டமாகும்வரை இதற்கெல்லாம் மதுரைக்கு அலைந்தார்கள். தொலைந்துபோன பதக்கம் வேறு, வராமலே போன பதக்கம் வேறு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பிவிடாதீர்கள். தேவய்யா விஷயம் விதிவிலக்கு; வீரப் பதக்கத்துக்கான பரிந்துரைக்குக் காலக்கெடு உண்டென்பதால், அதையும் இதோடு சேர்த்துக் கேட்டு, வரவில்லையே என்ற கோபத்தை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

நம் பள்ளத்தாக்குக்கே இந்தத் தாமதம் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்கும் ராணுவப் பொறியாளர்தான். அணை திறந்தது 1895-ல். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழும்பியது 2013 ஜனவரி 15-ல். நடுவே 118 வருடம்! ஆனாலும் மண்டபம் எழும்பிவிட்டது, ஊர் பொங்கலும் வைக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டது. ட்ரங்குப் பெட்டியை இறக்கிப் பாருங்கள், டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள், கூடப் பிறந்தவர்களும் கூடப் போனவர்களும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருடமே ஒரு மனுவாவது இந்தப் பேச்சினால் போனால் சந்தோஷம்.

பெரியவரின் மனு பதிவுத் தபாலில் போய் மூன்று வாரம் ஆகிறது. அன்று தபால் ஆபீசுக்குப் பேரனும் வந்திருந்தான். மனுவில் எண்ணைச் சரிபார்க்க ரக்ஷா மெடலை அவன் கையில் கொடுத்து, விளிம்பைப் படிக்கச் சொன்னார்கள். பையன் கண்ணை இடுக்கி ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். மூன்றாவது இலக்கத்துக்கு வருவதற்குள், எங்கேயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மீதியை மளமளவென்று சொல்லி முடித்துவிட்டார்.