பாலில் பூசண நச்சு: தீவனத்திலேயே தடுப்போம்

(சென்னை அடையாறில் கறவை மாடு வளர்ப்போரும் பால் வாங்கும் இல்லத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் பொழுது பாலோடுதான் விடிகிறது. காலையில் காப்பி, பகலில் தயிர் சாதம், இரவில் குழந்தைக்கு ஒரு தம்ளர் பால் என்று நாள் முழுவதும் பால் புழங்குகிறது. ஒரு வீட்டில் பால் பாக்கெட் வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் மாட்டுக்காரர் கறந்து வந்து ஊற்றுகிறார். எந்தப் பாலானாலும் தாய்மார்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தப் பால் உடம்புக்கு நல்லதுதானா?"

இதற்கு விடை சொல்ல மருத்துவரை அழைக்காமல், பயிர் வளர்ப்பைப் பற்றிப் பாடம் சொல்லும் என்னை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். பாலில் வரக்கூடிய ஒரு கேடு கடலை வயலிலும் பிண்ணாக்கு மூட்டையிலும் தொடங்குவதே அதற்குக் காரணம். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பால் நல்ல உணவு. புரதம், சுண்ணாம்புச் சத்து, உயிர்ச்சத்துகள் எல்லாம் அதில் உள்ளன. சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புசமாகும். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவர்களது குடலில் குறைவாகச் சுரப்பதே காரணம். அவர்கள் பாலைக் குறைத்துத் தயிராகவோ மோராகவோ அருந்தலாம். காசநோய் போன்ற நோய்களின் கிருமிகள் காய்ச்சினால் மடிந்துவிடும். ஆனால் நான் சொல்லப்போகும் நச்சு காய்ச்சினாலும் போகாது.

ஆய்வு காட்டியது என்ன?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-ம் ஆண்டு நாடு முழுவதும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவுகள் 2019-ல் வெளியாயின. கலப்படத்தைப் பற்றியே நாம் அதிகம் அஞ்சுகிறோம். ஆனால் உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு 5.7 மாதிரிகளில், 'அஃப்ளாடாக்சின் எம் 1' என்னும் பூசண நச்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. இவ்வகையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இங்கு எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் நச்சு மிகுந்திருந்தது. டில்லியில் 38, கேரளத்தில் 37.

பாக்கெட் பால்தான் இப்படி, கறந்த பாலுக்குக் குறை இல்லை என்று சிலர் எண்ணலாம். பதப்படுத்திய பால் 2,607 மாதிரிகளில் 227-லும், கறந்த பால் 3,825 மாதிரிகளில் 141-லும் நச்சு மிகுந்திருந்தது. விகிதம் மாறினாலும் இரண்டிலும் உண்டு. மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பால் பண்ணைகளில் பாலைச் சூடேற்றிக் குளிர்விக்கும்போது கிருமிகள் மடிகின்றன; இந்த நச்சு அழிவதில்லை. உங்கள் அடுப்பிலும் அப்படியே. தயிரிலும் அது நின்றுவிடும். பாலாடைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பனீரில் அடர்த்தி கூடும். வெண்ணெயிலும் நெய்யிலும் மிகக் குறைவு.

நச்சு எப்படி வருகிறது?

1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குப் போட்ட, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் 'ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்' என்னும் பூசணம் வளர்ந்து நச்சை உண்டாக்கியிருந்தது என்று பின்னர் தெரிந்தது. நம் நாட்டிலும் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டு, நூறு பேருக்கு மேல் இறந்தனர்.

இந்த நச்சு கலந்த தீவனத்தை மாடு தின்றால், அதன் கல்லீரல் நச்சின் உருவை மாற்றி ஒரு பகுதியைப் பாலில் வெளியேற்றுகிறது. அதுவே எம் 1. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும். நமக்கு ஆறுதலான செய்தி இது.

அளவைப் பார்ப்போம். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் வரை நம் நாட்டில் அனுமதி உண்டு. 2,000 டன் பாலில் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகளில் இதில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. தின்ற நச்சில் சாதாரணமாக நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு பாலுக்கு வரும். அதிகம் கறக்கும் மாடுகளில் 6 பங்கு வரையும் போகலாம். கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் நச்சுள்ள பிண்ணாக்கை, 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ வைப்பதாகக் கொள்வோம். அதில் 2 பங்கு பாலுக்கு வந்தால் 6 மைக்ரோகிராம். லிட்டருக்கு 0.6. ஒரு கிலோ பிண்ணாக்கு பத்து லிட்டர் பாலையும் வரம்பு மீறச் செய்துவிடுகிறது.

ஒரு வேளை பாலில் யாருக்கும் உடனே தீங்கு தெரியாது. நெடுநாள் சிறுகச் சிறுகச் சேர்வதுதான் கவலைக்குரியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் வைத்துள்ளது. கல்லீரல்தான் முதலில் தாக்கப்படும் உறுப்பு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகம் பால் குடிப்பவர்கள் குழந்தைகள். மாட்டுக்கும் இழப்பு உண்டு. தீனி எடுப்பது குறையும், கறவை குறையும், நோய் எதிர்ப்புச் சக்தி தளரும்.

வயலில் செய்ய வேண்டியவை

சென்னைக்குப் பால் அனுப்பும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களே கடலை விளையும் மாவட்டங்களும். நல்ல பருப்பு உணவுக்குப் போகிறது. சுருங்கியதும் சொத்தையும் ஆலைக்குப் போகின்றன. எண்ணெய் பிழியும்போது நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கடலை சாகுபடி செய்வோர் கவனிக்க வேண்டியவை:

1. காய் முற்றும் கடைசி 4 முதல் 6 வாரங்களில் நிலம் வறண்டு சூடேறினால் பூசணம் காயினுள் புகும். அப்பொழுது ஒரு தண்ணீராவது கொடுக்க வேண்டும்.

2. எக்டருக்கு 400 கிலோ ஜிப்சத்தைச் செடிக்கு 40 முதல் 45 நாள் வயதில் இட்டு மண் அணைக்க வேண்டும். ஓடு உறுதியாகும்.

3. பருவம் தப்பாமல் அறுவடை செய்ய வேண்டும். மண்வெட்டி பட்ட காய், புழு துளைத்த காய், சொத்தைக் காய் ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

4. ஈரப்பதம் 8 சதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

5. உடைப்பதற்கு எளிதாக இருக்கும் என்று காய்ந்த காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். காய்ந்து அடங்கிய பூசணத்துக்கு அதுவே உயிர் கொடுக்கிறது.

மாட்டுக் கொட்டிலில் செய்ய வேண்டியவை

1. பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது இரண்டு வாரத்துக்கு மேல் தீவனம் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

2. கட்டி பிடித்தது, பச்சை மஞ்சளாகப் பூத்தது, மக்கிய வாடை அடிப்பது எதையும் மாட்டுக்கு வைக்கக் கூடாது. பூத்த பகுதியைத் தட்டிவிட்டு மிச்சத்தை வைப்பதும் தவறு. வெயிலில் உலர்த்தினால் பூசணம் மேலும் வளராது. ஏற்கெனவே உண்டான நச்சு தங்கிவிடும். நகரில் மாடு வைத்திருப்போர் பூத்த ரொட்டியையும் ஊசிய சோற்றையும் மலிவு என்று வாங்க வேண்டாம்.

3. கலப்புத் தீவனம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குக. அத்தரத்தின்படி நச்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கும், ஈரப்பதம் 11 சதத்துக்கும் மிகக் கூடாது.

4. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். ஒரே இடத்தில் அள்ளாமல் பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். நச்சு எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நச்சை ஈர்த்துப் பிடிக்கும் களிமண் வகைப் பொருள்களும் விற்கின்றன. கால்நடை மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

5. நிலம் உள்ளவர்கள் பசுந்தீவனம் வளர்த்தால் பிண்ணாக்குச் செலவு குறையும். கோ (பிஎன்) 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆண்டுக்கு எக்டருக்கு 360 டன் வரை தரும். இதனுடன் வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தையும் சேர்த்துக் கொடுத்தால் புரதம் கிடைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டுக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. வீட்டுக்குப் பால் ஊற்றுபவரிடம் "மாட்டுக்கு என்ன வைக்கிறீர்கள்? மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல தீவனம் வைப்பவருக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க நேர்ந்தால் மனம் கோணாமல் கொடுங்கள். பால் பாக்கெட் வாங்குபவர்கள், இந்த நச்சுக்குச் சோதனை நடக்கிறதா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் சோதிப்பவர் சோதிப்பார்.

மாடு வளர்ப்போருக்கும் இதையே சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் கொழுப்பும் இதர சத்தும் அளந்து விலை போடுகிறார்கள். நச்சையும் அளந்து பாலைத் திருப்பி அனுப்பும் நாள் வந்தால், அன்று மூட்டையைச் சரிசெய்யத் தொடங்குவதில் பயனில்லை. மழைக்கு முன்பே, இந்த வாரமே, தீவன அறையின் ஓட்டைப் பார்த்து, ஒழுகும் இடத்தை அடைத்து, பழைய மூட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்.