எர்த்து சொல்லும் சேதி



கோவை பீளமேட்டில் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. விடிகாலை. சரக்கு ஏற்றிய பழைய லாரி ஒன்று கிளம்ப மறுக்கிறது. “செல்ஃப் எடுக்க மாட்டீங்குதுங்கண்ணா. பேட்டரிய மாத்திரலாமுங்களா?” என்கிறார் ஓட்டுநர். வயரிங்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. “இன்னொருக்கா சாவியத் திருப்பு தம்பி” என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்.

கடகடவென்று சத்தம் வந்தால், செல்ஃப் மோட்டாரின் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது. பிடித்து நிற்க மின்னழுத்தம் போதவில்லை. ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு அடங்கினால், சந்தேகம் பெரும்பாலும் செல்ஃப் மோட்டார் பக்கம் போகும். சத்தமே இல்லையென்றால் சுவிட்சையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும்.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், பிளக்கில் பொறி நீலமா மஞ்சளா என்று பார்ப்பதும் பழைய பெட்ரோல் வண்டிகளின் பாடம். டீசலுக்குப் பொறி வேண்டாம். அழுத்தத்தில் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். ஆகவே பழைய டீசல் லாரியில் மின்சாரத்தின் தலையாய வேலை, எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது. அதற்குத்தான் பெரிய வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்குகிறார்கள்.

சந்தில் நிற்கும் லாரியில் கடகட சத்தம்தான் கேட்கிறது. “ஹெட்லைட்டு பளிச்சுனு எரியுதுங்களே” என்கிறார் ஓட்டுநர். விளக்கு இழுப்பது சில ஆம்பியர். செல்ஃப் இழுப்பது சில நூறு. ஓர் இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் விளக்குக்கு அது தெரியாது. 300 ஆம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 3 வோல்ட் தொலைந்துபோகும். குறைந்த மின்சாரத்தில் எரியும் டெஸ்ட் லேம்ப்பும் இங்கே ஏமாற்றிவிடும்.

ஆகவே அவர் மீட்டரை எடுக்கிறார். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மற்றொன்று எஞ்சின் உடம்பில். செல்ஃப் அடிக்கையில் அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய முள் மூன்றைத் தொடுகிறது.

“எஃப்.சி.க்குப் பெயிண்ட் எப்ப அடிச்சே?”

“போன வாரந்தானுங்கண்ணா.”

பேட்டரி மைனஸை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த்து போல்ட்டைக் கழற்றினால், அடியில் தகுதிச் சான்றுக்காக அடித்த புதுப் பெயிண்ட். சுரண்டி, இரும்பு மின்னும்வரை தேய்த்து முறுக்குகிறார். வண்டி உறுமிக் கிளம்புகிறது. பேட்டரிக்கான பணம் மிச்சம்.

வண்டி வயரிங் கலையின் அருமை இதுதான்: மின்சாரம் போகும் வழியை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பி வரும் வழியைத் தேர்ந்தவர் பார்ப்பார். குறையும் உண்டு. அவசரத்துக்கு ஃப்யூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீயை வண்டியில் ஏற்றி அனுப்புவது. செய்த வயரிங்கைத் தாளில் வரைந்து வைக்கும் வழக்கமும் அரிது; அடுத்தவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கிறது.

2020இல் பிஎஸ் 6 மாசு விதி வந்தபின், லாரிப் பட்டறைகளில் ஸ்கேனர் இல்லாமல் முடியாது. மின்னழுத்தம் குறைவு என்று அது குறியெண் காட்டும். பெயிண்ட் எப்போது அடித்தாய் என்று ஓட்டுநரைக் கேட்காது.