பத்தாவது தரிப்பிடம்



வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்லாதவர் நம்மிடையே அரியர். மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாதவளாய் இத்தீவுக்கு வந்து, இடம் இடமாகத் தங்கிப் பத்தாவதாக நந்திக்கடலோரம் தங்கினாள் என்பதும், பத்தாப்பளையே வற்றாப்பளை ஆயிற்று என்பதும் ஐதீகம். கிழவி வடிவில் வந்தவளை மாடு மேய்க்கும் சிறுவர் கண்டனர். அவர்கள் அவளைக் குடைந்து விசாரித்ததாகக் கதையில் இல்லை. குடில் அமைத்தனர்; பொங்கிப் படைத்தனர்; எண்ணெய் இல்லாதபோது அவள் சொற்படி கடல் நீரில் விளக்கேற்றினர்.

அநீதிக்குள்ளான தெய்வத்துக்கே ஆறுவதற்குப் பத்து இடம் வேண்டியிருந்தது. அடியுண்ட ஒரு பெண்ணோ, ஒரு முறை ஆசுபத்திரிக்குப் போய் வந்தாளாயின் எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். காயத்துக்குக் கட்டிய துணி அவிழ்ந்த பின்னரே நித்திரையின்மை தொடங்குகிறது. படலை சத்தமிட்டால் நெஞ்சு பதறுகிறது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்து, முகாம்களில் இருந்து மீண்ட நம் வன்னிப் பெண்களுக்குப் புதிய காயத்தின் அடியில் பழைய காயமும் கிடக்கின்றது.

இஃது எங்கோ நடக்கும் சங்கதியன்று. கணவன் அல்லது துணைவனின் உடல், பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்தவள் ஐந்து பெண்களில் ஒருத்தி என்று 2019 இல் நாடளாவிய ஆய்வு கண்டது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். உளவளத் துணைக்கும் நீதிமன்றம் கட்டளையிடலாம். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறை வேண்டாம் என்றும், பின்வரும் மாதங்களில் அவளைக் கவனித்து வருக என்றும் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் அறிவுறுத்திற்று. அரச வைத்தியசாலைகளில் ‘மிதுரு பியச’ என்னும் நட்பு நிலையங்கள் உள்ளன. 1938 என்ற மகளிர் தொலைபேசி இலக்கமும், மனநல உதவிக்கு 1926 உம் உண்டு.

ஆயினும் இரண்டாம் முறை போவதுதான் கடினம். அன்றையக் கூலி போய்விடும். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவளை, “எங்கை பிள்ளை வெளிக்கிட்டனீ?” என்று நாலு பேர் கேட்பர். அவள் திரும்பி வருமுன்னே ஊர் முழுதும் கதை பரவிவிடும். பெரியோர் பொறுத்தருள்க: கோயில் வீதியில் இருவரையும் இருத்தி, “குடும்பமெண்டால் சண்டை வரும்தானே” என்று சமாதானம் செய்து அனுப்பியவர்களும் நாமே. அவள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பதை நாம் மறுநாள் விசாரித்ததில்லை.

நாம் வைத்தியரல்லர், மருந்தும் உளவளத் துணையும் அறிந்தோர் வேலை. நம்மால் இயல்வது சிறிது. குடும்பநல உத்தியோகத்தரிடம் நம் சகோதரியர் சிலரின் பெயரைக் கொடுத்து வைப்போம். எவளேனும் விரும்பிக் கேட்டாளாயின் அவர்கள் துணைக்குச் செல்லட்டும். காரணம் கேட்க வேண்டாம். பஸ் காசை மன்ற நிதியிலிருந்து, கணக்கில் பெயர் எழுதாமல் கொடுக்கலாம்; பொருளாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கிளினிக் நாளில் அவளுடைய பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டி வந்து சோறு கொடுப்பவர் யார் என்பதை இக்கூட்டம் கலையுமுன் பேசி முடிப்போமாக.