பொங்கற் பானையின் அடிக்காந்தல்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்பவன் நான். ஆண்டுக்கு ஒரு முறை, மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணிக்கு நாம் நடத்தும் கவியரங்கில் மட்டும் முன்னால் வந்து ஒரு கவிதை படிப்பேன். அவ்வாறு ஒன்பது கவிதைகள் படித்திருக்கிறேன். ஒன்பதிலும் பானை பொங்கியது; பால் நுரைத்தது; கரும்பு இனித்தது. ஒன்றிலும் அடிப்பிடிக்கவில்லை. இந்த ஆண்டுக் கவியரங்கிற்கு மட்டும் நான் வரவில்லை. காரணம் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். அது பொய். உண்மைக் காரணத்தைச் சொல்வதற்கு இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். விருந்துச் சமையலில் நேரும் தவறுகள் என்பதே என் பொருள். சிரிக்கத் தோன்றும் இடங்களில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மார்கழிக் கடைசியில் என் துணைவியார் வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. பொங்கலுக்கோ மகன் குடும்பம், மகள் குடும்பம், என் தமக்கை, அவர் பிள்ளைகள் என்று பதினேழு பேர் வருவதாக ஏற்பாடு. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் இசையவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் உண்டவனுக்குச் சமைக்கவும் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ வீட்டில் இருந்தது. துணைவியார் அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “நான் சொல்றேன், நீங்க செய்யுங்க” என்றார். “நீ பேசாமல் ஓய்வெடு” என்றேன். அன்று நேர்ந்த பிழைகளில் இதுவே முதலாவது. ஏனைய பிழைகள் எல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை.

இரண்டாவது பிழை, பெருக்கல் கணக்கு. நான்கு பேருக்கு ஒரு தம்ளர் அரிசி. ஆகவே பதினேழு பேருக்கு நாலேகால் தம்ளர். தண்ணீரையும் அதே கணக்கில் பெருக்கினேன். பள்ளிக்கூடத்தில் இது சரியான விடை. அடுப்பில் தவறான விடை. ஆவியாய்ப் போகும் நீர், பானையின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி நான்கு மடங்கானால் ஆவியும் நான்கு மடங்காகிவிடாது. அதிலும் அது புது அரிசி. புது அரிசி பழைய அரிசியைப் போல் நீர் குடிக்காது. விரைவில் குழைந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். பானை பெரிதாயிற்றே தவிர, அடுப்பு அதே அடுப்புதான். சிறு பாத்திரத்தில் எல்லாப் பருக்கைக்கும் ஒரே நேரத்தில் எட்டும் சூடு, பெரும்பானையில் அடியைத் தாக்கிவிட்டு மேலே ஏறத் தயங்குகிறது. விருந்து நாளில் மட்டும் சமையல் கெடுவதன் காரணம் இதுதான். அன்றாடம் நால்வருக்குச் சமைத்துப் பழகிய கையை, ஆண்டில் ஒரு நாள் நாற்பது பேருக்குச் சமைக்கச் சொல்கிறோம். கைக்குத் தெரிந்த அளவு அன்று பயன்படுவதில்லை; புதிய அளவைக் கற்க அந்தக் கைக்கு யாரும் அவகாசம் தருவதும் இல்லை.

பானை நீர்க்க இருப்பதைக் கண்டு தீயைக் கூட்டினேன். உறவினர் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் வெல்லத்தைத் தட்டிப் போட்டுவிட்டேன். அரிசி நன்றாகக் குழைவதற்கு முன் வெல்லம் சேர்த்தால், அதன்பின் பருக்கை மசியாது. வெல்லம் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அரிசி மேற்கொண்டு ஊதி மென்மையாவதில்லை. போதாக்குறைக்கு, உருகிய வெல்லம் பானையை இன்னும் நீர்க்கச் செய்யும். நான் மேலும் தீயைக் கூட்டினேன். அடியில் தங்கிய வெல்லப்பாகு கருகத் தொடங்கியபோது நான் வாசலில் நின்று தமக்கையை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

மணம் மாறியது எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓடிவந்து கரண்டியை அடிவரை விட்டுக் கிளறப் போனேன். “கிண்டாதீங்க!” என்று ஒரு குரல். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் என்னை அவ்வளவு உரக்க அதட்டியதில்லை. பிறகு அவர் சொன்னபடி செய்தேன். அடுப்பை அணைத்து, அடியைத் தொடாமல், சுரண்டாமல், மேற்பகுதியை மட்டும் வேறொரு பாத்திரத்திற்கு மாற்றினேன். அடிப்பிடித்ததைக் கிளறினால் கருகல் வாடை பானை முழுவதும் பரவும். கிளறாமல் விட்டால் முக்கால் பானை பிழைக்கும். பின்பு மாற்றிய பொங்கலைச் சிறு தீயில் வைத்து, சூடான பால் விட்டு, மத்தால் கடைந்து, ஏலமும் நெய்யும் சேர்த்துத் தேற்றினோம். பொங்கல் பிழைத்தது. அடியில் கரிய காந்தலோடு பழைய பானை மூலையில் ஒதுங்கியது. அந்தப் பானையை நினைவில் வைத்திருங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது பொங்கற் குழம்பு. பூசணி, அவரை, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி என்று நாட்டுக் காய்கள் அனைத்தும் கூடும் குழம்பு அது. நான் முதலில் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதில் காய்களைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மொச்சை கூழாங்கல்லாகவே இருந்தது. புளிப்பு, காயின் நாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காய் வெந்தபின்தான் புளி சேர்க்க வேண்டும். இது நம் பாட்டிமார் அனைவரும் அறிந்தது. நம் கவிதைகள் எதிலும் எழுதப்படாதது.

உப்பின் கதை இன்னும் எளியது. நான் உப்புப் போட்டேன். நான் மறந்திருப்பேன் என்று எண்ணி என் தமக்கையும் போட்டார். இருவரும் மறந்திருப்போம் என்று மருமகளும் போட்டாள். விருந்து வீட்டில் உப்பு மிகுவதற்கு மறதி காரணமில்லை. பிறர் மறந்திருப்பர் என்ற அக்கறையே காரணம். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சும் என்றார்கள். போட்டோம். கிழங்கு உப்புக் கரித்தது. குழம்பும் உப்புக் கரித்தது. கிழங்கு தன் பங்குக் குழம்பைக் குடிக்குமே அன்றி உப்பை மட்டும் பிரித்தெடுக்காது. மிகுந்த உப்புக்கு ஒரே மருந்து, உப்பில்லாத பொருளைக் கூட்டுவதுதான். வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்த்தோம். குழம்பு அண்டாவுக்கு மாறியது. ஊடலின் அளவைச் சொல்ல வந்த வள்ளுவர், அது உணவில் உப்பைப் போல் அமைய வேண்டும், சற்றே நீண்டாலும் உப்பு மிகுந்தாற்போல் ஆகும் என்ற கருத்தில் ஒரு குறள் செய்திருக்கிறார். அந்தக் குறளை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அதன் பொருள் அன்றுதான் நாவில் விளங்கியது.

வடையைப் பற்றி விரித்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உளுந்தை இரவு முழுவதும் ஊறவைத்தேன். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும். அரைக்கும்போது தண்ணீரைத் தெளிப்பதற்குப் பதிலாக ஊற்றினேன். உப்பையும் முன்னதாகவே போட்டு மாவை மேலும் நீர்க்கச் செய்தேன். நீர்த்த மாவு எண்ணெய் குடித்தது. வாணலி கொள்ளுமட்டும் வடைகளை ஒரே ஈடாகப் போட்டதில் எண்ணெயின் சூடு இறங்கியது. அதனால் இன்னும் குடித்தது. ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டு நீர் எண்ணெய்க்குள் விழுந்தது. நீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியும். என் முன்கையில் இரண்டு இடங்களில் தெறித்தது. குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான், என் துணைவியாரின் முன்கையில் உள்ள நாலைந்து சிறு தழும்புகள் என் நினைவுக்கு வந்தன. அவை எப்போது, எதனால் ஏற்பட்டன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்தாம் ஈட்டில் எரிவாயு உருளை தீர்ந்தது. மாற்று உருளைக்குப் பதிவு செய்திருக்கவில்லை. பக்கத்து வீட்டார் தங்கள் அடுப்பைத் தந்து எங்கள் மானத்தைக் காத்தார்கள்.

மூன்று மணிக்கு இலை போட்டோம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கெல்லாம் குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு நினைவுக்கு வரும். கூடலூர் கிழார் பாடியது. மணமான தலைவியின் வீட்டைக் கண்டு வந்த செவிலி, நற்றாயிடம் சொல்வதாக அமைந்தது. தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொள்கிறாள் அந்தப் பெண். மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை படிகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு புலவர் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அழுக்கான ஆடையையும் கரித்த கண்ணையும் பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். நான் எழுதிய ஒன்பது கவிதைகளிலும் அந்தப் புகையின் சுவடு இல்லை. எனினும் அந்தப் பாட்டைப் பற்றியும் எனக்கு இப்போது ஒரு கேள்வி உண்டு. கணவன் உண்டான். அவள் எப்போது உண்டாள்? என்ன உண்டாள்? பாட்டு அதைச் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு நூலிலிருந்து எழவில்லை. எல்லாரும் உண்டு முடித்து முன்னறையில் அயர்ந்திருந்தபோது, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். மூலையில் ஒதுக்கிவைத்த பானையை மடியில் சாய்த்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட வலக்கையால் அதை அணைத்து, இடக்கைக் கரண்டியால் அடிக்காந்தலைச் சுரண்டி என் துணைவியார் உண்டுகொண்டிருந்தார். “நல்ல பொங்கல்தான் மீதி இருக்கிறதே, இதை ஏன் சாப்பிடுகிறாய்?” என்று பதறினேன். “பழக்கமாயிடுச்சு” என்றார். சற்று நேரம் கழித்து, “வருஷா வருஷம் கொஞ்சம் பிடிக்கத்தாங்க செய்யும்” என்றார்.

நண்பர்களே, முப்பத்திரண்டு பொங்கல்களில் ஒருமுறைகூட எங்கள் வீட்டுப் பானை அடிப்பிடித்ததில்லை என்று நான் நம்பியிருந்தேன். நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அடிப்பிடித்திருக்கிறது. என் இலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிழை நேராத சமையல் என்று நான் புகழ்ந்தது, பிழையை ஒருவர் தாமே உண்டு தீர்த்த சமையலை.

நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். நளனும் பீமனும் அடையாளம் மறைத்து வாழ்ந்த நாட்களில் சமைத்தவர்கள். அந்தச் சில நாள் சமையலுக்கே பெயர் நிலைத்துவிட்டது. பாரதக் கதையில், வாகுகன் சமைத்ததைச் சுவைத்து அது நளன் கைப்பக்குவம் என்று கண்டுகொள்பவள் தமயந்தி. சுவையை அறிந்த நாவும் அவளுடையதுதான். தமயந்தி பாகம் என்று ஒரு சொல் நம் மொழியில் இல்லை. நாள்தோறும் சமைக்கிறவர்களின் கைக்குப் பெயர் வைக்க நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலை பத்து மணிக்கு இந்த மன்றத்தில் கவியரங்கம் தொடங்கியபோது நான் கருகிய பானையில் தண்ணீரும் புளியும் போட்டுக் கொதிக்கவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வேளைச் சமையல் வேறு காத்திருந்தது. இதுதான் என் காய்ச்சல். கவிதை எழுதி வைத்திருந்தேன். கொண்டுவர நேரம் இல்லை. அப்போது ஒன்று உறைத்தது. ஒன்பது ஆண்டுகளாக நம் பொங்கல் கவியரங்கில் மகளிருக்கென்று போட்ட இருக்கைகள் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தன. பெண்களுக்குக் கவிதையில் ஆர்வம் குறைவு என்று நாம் பேசிக்கொண்டோம், நானும் பேசினேன். அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது, நானே அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே, பத்தாம் ஆண்டு நிறைவில் வட்டத்தாரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பொங்கல் கவியரங்கை மாட்டுப் பொங்கல் காலையிலிருந்து எடுத்து, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். செலவு இல்லை, விதி திருத்தமும் வேண்டியதில்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறவர்களும் பாடட்டும். அவர்களுடைய பொங்கலில் காந்தல் இருக்கும். அதன் சுவை நம்மில் பலருக்குத் தெரியாது.

மாற்றினால், வரும் ஆண்டில் நானும் வருவேன். பத்தாவது கவிதை எழுதிவிட்டேன். அதில் பானை அடிப்பிடிக்கிறது. படித்துக் காட்டியபோது, “புது அரிசின்னா தண்ணி கொஞ்சம் குறைச்சு வைக்கணும், அதையும் எழுதுங்க” என்றார் என் துணைவியார். எழுதியிருக்கிறேன்.