எலும்புக்குள்ளே மேசன்மார்

(யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களிடம், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மடமொன்றில் பேசியது)



காலையில் கோணேசர் கோயிலுக்கு பிரெட்ரிக் கோட்டை வாசல் வழியாகத்தானே ஏறினோம்? 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை அது. அந்தச் சுவரில் ஒரு கல் விழுந்தால், மேசன் வரும்வரை விழுந்தபடிதான் கிடக்கும். நம்ம எலும்பு அப்படியில்லை. மேசன்மார் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஒரு கூட்டம் பழைய எலும்பை அரித்து எடுக்கும். அது ஏறக்குறைய 3 கிழமை வேலை. பின்னால் இன்னொரு கூட்டம் வந்து புதுசு கட்டும். அதற்கு 3, 4 மாதம் வேண்டும். இடிக்கிறது சுறுக்கு, கட்டுறது மெதுவு. லயத்துக் கூரை வேலையும் அப்படித்தானே! இப்படி, வளர்ந்தவர் உடம்பில் வருஷத்துக்கு நூற்றுக்கு 10 பங்கு அளவு எலும்பு புதுசாகிறது.

30 வயது மட்டும் கட்டுகிறவர்கள் கை ஓங்கியிருக்கும். பிறகு இடிக்கிறவர்கள் மெல்ல முந்துவார்கள். மாதவிடாய் நின்ற தாய்மாருக்கு அது இன்னும் வேகம். ஐம்பது தாண்டிய அக்காமார் ஈரப் படியில் வழுக்கிக் கையை ஊன்றினதும் மணிக்கட்டு முறிகிறதே, அதற்குக் கண்ணூறு காரணமில்லை.

முறிந்த எலும்பும் பொருந்தும். முதலில் இரத்தம் கட்டி, மெத்தென்ற இணைப்பு வரும். பிறகு அது இறுகும். மணிக்கட்டுக்கு 6 கிழமையாவது வேண்டும். நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு அம்மா 3ஆம் கிழமையே பிளாஸ்டரை வெட்டிப் போட்டுவிட்டு மலைக்குப் போனார். பேர் விழாதே என்ற பயம். கை கோணலாகவே பொருந்தியது. பிறகு அவரால் கொழுந்து கிள்ள முடியவில்லை. அவருக்கு இலேசு வேலை கேட்டு நாங்கள் துரையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது எங்கள் பிழை. இனி யாருக்காவது கை முறிந்தால், பிளாஸ்டரில் கத்தி வைக்க முந்தி எங்களிடம் வாருங்கள்.

மேசனுக்குச் சுண்ணாம்பு வேண்டுமே. வெற்றிலைக்குத் தடவுகிறதைச் சொல்லவில்லை, சாப்பாட்டில் உள்ளதைச் சொல்கிறோம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கோதுமை மா ரொட்டியில் அது மிகக் குறைவு. வாரத்தில் 2 நாளாவது குரக்கன் ரொட்டி சுடுங்கள். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியும் நல்லது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்மாருக்கு முதலில் வையுங்கள்; நம்ம வீடுகளில் அவர்கள்தான் கடைசியில் சட்டி வழிக்கிறார்கள்.

இங்கே சந்தையில் நெத்தலிக் கருவாடு நன்றாகக் கிடைக்கும். வாங்குகிறவர்கள் பஸ் புறப்பட முந்தி வாங்கிவிடுங்கள்.